பிடி பேசும்

— அப்படிப் பின்னாடி பதுங்கிப் பதுங்கி வராதீங்கண்ணே. பாக்கிறவங்க என் பர்ஸை அடிக்க வந்த ஆளுன்னு நினைச்சுக்குவாங்க.

— பரிசோதனைன்னா அப்படித்தான் தங்கச்சி. நான் இல்லைன்னே நினைச்சுக்குங்க. தினமும் ஆஸ்பத்திரிக்கு எப்படி வேலைக்குப் போவீங்களோ, அதே மாதிரி போங்க.

— இல்லைன்னு நினைக்கிறதா? நீங்க மூச்சு வாங்கிறது அடுத்த தெருவுக்குக் கேக்குது. தொப்பை கூடியிருக்கா?

— கண்ணு தெரியாதவங்க அடுத்தவங்க தொப்பையைப் பத்திப் பேசக்கூடாது.

— அதைப் பாக்க கண்ணு எதுக்கு? டெலிபோன் ரூம்ல உக்காந்து நாள் பூரா மூச்சைத்தானே கேக்கிறேன். அந்தப் பக்கம் ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், பிரசவ வார்டுக்குக் கொடுக்கணுமா, எமர்ஜென்சிக்குக் கொடுக்கணுமான்னு... டேய் மாப்ள, மெதுவா. அண்ணனால ஓட முடியாது.

— இன்னும் மாப்ளதானா? நாங்க வெச்ச பேரு என்னாச்சு?

— அது உங்க வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளியில வெச்ச பேரு. இது வீட்டுப் பேரு. நீங்க கொண்டாந்து விட்ட அன்னிக்குத் தட்டுல சாப்பாடு வெச்சா, மோந்துகூடப் பாக்கல. நான் கெஞ்சினேன், கொஞ்சினேன்... ம்ஹூம். எங்க வீட்டுக்காரர் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்துட்டு, "என்னடி இது, மாப்பிள்ளை முறுக்குல்ல பண்றான்!"னாரு. அன்னிலேர்ந்து மாப்ளதான்.

— "சாப்பிடு"ன்னு சொன்னாத்தான் சாப்பிடும்னு அத்தனை தடவை சொல்லிட்டுப் போனேனே!

— மறந்துட்டேனே! அந்த ஒரு வார்த்தைக்காக விடிய விடியத் தட்டு முன்னாடி உக்காந்திருந்தான். எனக்கு அன்னிக்கே பயம் வந்துடுச்சுண்ணே. இவன்கிட்ட வார்த்தையை அளந்துதான் பேசணும்னு... இருங்க. படி. ம்... ஒண்ணு... ரெண்டு... அவ்வளவுதான். இறங்கியாச்சு. எப்படி?

— எப்படியா... இந்த வேலையில தலை நரைச்சுப் போச்சு எனக்கு. எத்தனையோ ஜோடியை நடக்க வெச்சிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு இறங்கி நான் பார்த்ததில்ல. நாலு காலா, ஆறு காலான்னே தெரியல. ஒரே உடம்பு இறங்கின மாதிரி இருந்துச்சு.

— பாஸ் போட்டுட்டீங்களா? அப்ப கிளம்புங்க. டீ செலவு மிச்சம்.

— இருங்க, இருங்க. ஒரு சந்தேகம். அது நிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க "படி"ன்னு சொன்னீங்களே?

— அது... சும்மா பேச்சுத் துணைக்கு. நாங்க ரெண்டு பேரும் இப்படித்தான் தொணதொணன்னு பேசிக்கிட்டே போவோம்.

— அதுவும் பேசுமா?

— பேசாம? இதோ, என் இடது கையில இருக்கே இந்தப் பிடி... இது நீங்க கொடுத்ததுதான். அவன் முதுகுப் பட்டையில மாட்டின வெறும் கம்பி, மேல தோல் சுத்தியிருக்கு. உங்களுக்கு அவ்வளவுதான். எனக்கு இதுதான் டெலிபோன். வால் ஆடினா இது கிசுகிசுக்கும். எதிர்ல தெரிஞ்ச ஆளு வந்தா ஒரு துள்ளல். பிடிக்காத ஆளு வந்தா கம்பி விறைச்சுக்கும். எங்க மேனேஜர் வந்தா... கம்பியே கொட்டாவி விடும்!

— பொய்.

— அவரைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, பொய்யான்னு. ஒரு நாள் பாருங்க, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல என்னை இழுத்துக்கிட்டே போய் ஒரு மூலையில நிறுத்திட்டான். எவ்வளவு சொல்லியும் நகரல. பிடி மட்டும் கீழ கீழ அமுங்குது. கையை நீட்டித் துழாவினா, ஒரு அம்மா தரையில உக்காந்திருக்காங்க. சத்தமே போடாம அழுதுக்கிட்டு. நூறு பேரு கடந்து போயிருக்காங்கண்ணே. கண்ணு உள்ளவங்க நூறு பேரு... என்ன, நிக்கிறீங்களா? எங்க ஓடுறீங்க? அண்ணே! சலூன் கடை நாற்காலியை எதுக்கு நடைபாதையில இழுத்துப் போடுறீங்க?

— அட... கேட்டுடுச்சா.

— இரும்புக் கால் சிமெண்ட்ல கிறீச்சுன்னு கத்தினா கேக்காதா? மாப்ள, ஒதுங்கு. இடது... இடதுடா... ம், சமர்த்து.

— ஒதுங்கிடுச்சு. ஆனா, நீங்க சொன்னதுக்கு அப்புறம்.

— அதனால என்ன?

— போன வருஷம் இதே இடத்துல ஒரு வாளியை வெச்சேன். நீங்க உங்க வீட்டுக்காரரைத் திட்டுற மும்முரத்துல இருந்தீங்க. அதுவா பார்த்து ஒதுங்கி, உங்களையும் ஒதுக்கிக் கூட்டிட்டுப் போச்சு.

— வயசாகுதுல்ல. சோம்பேறி ஆயிட்டான்.

— உங்க காலை ஒட்டியே நடக்குது. போன வருஷம் நடுவுல ஒரு சாண் இடம் இருந்துச்சு.

— பாசம்ணே. நீங்க என்ன, போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்தா வந்திருக்கீங்க? பாசம் வெச்சா தப்பா?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. பாசம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, கேளுங்க. அவன் வந்த புதுசு. ரோட்டோரம் நிக்கிறோம். எந்த வண்டிச் சத்தமும் இல்ல. நான் "முன்னே"ங்கிறேன். இவன் குறுக்க வந்து என் பாதத்து மேல உக்காந்துட்டான். மறுபடியும் சொல்றேன், அசையல. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, கோவம்னா கோவம். பிடியை வெடுக்குன்னு இழுத்துட்டேன்ணே. அவனுக்கு வலிச்சிருக்கும்... அப்பவும் எழுந்திருக்கல.

— அப்புறம்?

— மூஞ்சியில காத்து அடிச்சுது. அவ்வளவுதான். என் பையை உரசிக்கிட்டு ஒரு பேட்டரி வண்டி போச்சு. சத்தமே இல்லாத வண்டி. நான் ஒரு அடி வெச்சிருந்தா... அங்கேயே மண்டி போட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவன் என்ன பண்ணான் தெரியுமா? முகத்தை ஒரு நக்கு நக்கிட்டு, பிடியை என் கைக்குள்ள தள்ளினான். "அழுதது போதும், நேரமாச்சு, வா"ங்கிற மாதிரி.

— தங்கச்சி, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? சொன்ன சொல்லைக் கேக்க வைக்கிறது பெரிய விஷயமே இல்ல. பிஸ்கட் கொடுத்தா யாரும் கேப்பாங்க. ஆனா கேக்கக்கூடாத சொல்லைக் கேக்காம இருக்கிறது... அதை நாங்கதான் சொல்லிக் கொடுக்கிறோம்னு வெளியில பெருமையா சொல்லிக்குவோம். உள்ளுக்குள்ள தெரியும். வாசல் வரைக்கும்தான் நாங்க கொண்டுபோய் விடுறோம். அதுக்கு மேல அதுவே போகுது. எங்க போகுதுன்னு இத்தனை வருஷத்துல எனக்குப் புரியல.

— அப்பாடா, உங்களுக்கே புரியலையா? சரி, பேசாம வாங்க. சிக்னல் வந்தாச்சு. கீச் கீச்சுன்னு கத்தும் பாருங்க, அப்பதான் நடக்கணும்... கத்திடுச்சு. மாப்ள, முன்னே.

— தங்கச்...

— மாப்ள, முன்னே. டேய்... என்னடா உக்காந்துட்ட? வண்டியெல்லாம் நின்னாச்சு. சத்தம் கேக்குதுல்ல? முன்னே! அண்ணே, உங்க முன்னாடி மானத்தை வாங்குறான் பாருங்க... அண்ணே?

— நகராதீங்க.

— என்னாச்சு? ஏன் என் தோளை இப்படிப் பிடிக்கிறீங்க?

— அப்படியே பின்னாடி ஒரு அடி வைங்க. இன்னொண்ணு... ம். போதும். முன்னாடி பள்ளம். குழாய்க்குத் தோண்டியிருக்காங்க. ஒரு ஆள் ஆழம். தடுப்பு இல்ல, கயிறு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க பாதத்துக்கும் அதுக்கும் நடுவுல இது ஒண்ணுதான் உக்காந்திருக்கு.

— நேத்து சாயங்காலம் இங்க ஒண்ணும் இல்லையே!

— நானும் உங்களையே பார்த்துக்கிட்டு வந்தேன், பள்ளத்தைக் கவனிக்கல. பார்த்ததும் கத்த வாயைத் திறக்கிறேன், உங்களைப் பிடிக்கக் கையை நீட்டுறேன்... அதுக்குள்ள இது உக்காந்துடுச்சு. எனக்கு முந்தி! கண்ணு தெரியாம எப்படித் தங்கச்சி, கண்ணே தெரியாம எப்படி இது...

— என்ன சொன்னீங்க? "கண்ணு தெரியாம"ன்னீங்க. என்னைச் சொல்லல நீங்க.

— இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— யாரு சொன்னது? எங்க வீட்டுக்காரரா?

— அவரைக் கோவிச்சுக்காதீங்க. போன்ல அழுதாரு. கதவு நிலையில இது முட்டிக்கிட்டதைப் பார்த்தாராம். உங்ககிட்ட கேக்கத் தைரியம் இல்லாம என்னைக் கூப்பிட்டாரு.

— நாள் பூரா வாயில ஊசியைக் கவ்விக்கிட்டு உக்காந்திருக்கிற மனுஷன்... ஊசியை எடுத்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணணுமா? அப்ப நான் நினைச்சது சரிதான், இது வருஷா வருஷம் வர்ற பரிசோதனை இல்ல.

— இல்ல. பாக்கணும்னு வந்தேன். வீட்டு கேட்டுலயே பிஸ்கட்டைக் கண்ணு முன்னாடி ஆட்டினேன். வாசனைக்குத்தான் திரும்புச்சு, கைக்குத் திரும்பல. அதுலேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் என் கை உங்க தோளுக்குப் பின்னாடியேதான் வந்துச்சு. உங்களுக்கு எப்பத் தெரியும்?

— மழை ஆரம்பிச்சப்ப. திடீர்னு ஒரு நாள் பிடி ஊமையாயிடுச்சு. குறுக்க பூனை ஓடினா ஒரு சிலிர்ப்பு வரும், அது வரல. தெரிஞ்சவங்க பேசினதுக்கு அப்புறம்தான் துள்ளல் வந்துச்சு. சரி, உடம்பு சரியில்லை போலன்னு நினைச்சேன். அப்புறம் அவன் நடை... காலை ஒரு மாதிரித் தூக்கித் தூக்கி வெச்சான். வெயில்லேர்ந்து நிழலுக்குள்ள நுழைஞ்சா ஒரு நொடி தயங்கினான்.

— டாக்டர்கிட்ட...

— டாக்டர் எதுக்குண்ணே? அந்த நடை எனக்குத் தெரியும். காலேஜ்ல ரெண்டாவது வருஷம் நான் நடந்த நடை அது. எனக்கும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு சுவரை ஒட்டியே, காலைத் தூக்கித் தூக்கி, மூஞ்சியில ஒரு சிரிப்பை ஒட்ட வெச்சுக்கிட்டு... அன்னிக்கு எங்க அம்மாவுக்கே தெரியல. இவனோட அந்த நடை பிடி வழியா என் கைக்குள்ள ஏறி வந்தப்ப, ஐயோ, இவனுக்கும்தான்னு... ரோட்டுலயே நின்னுட்டேன்.

— அன்னிக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே தங்கச்சி. இது உயிர் விஷயம். ஒரு லாரி வந்தா ரெண்டு பேரும்...

— தெரியும். திட்டுங்க. ஆனா அன்னிலேர்ந்து வலது கையில மடக்குக் குச்சியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். இந்த ஒரு ரோடு, பகல் நேரம் மட்டும்தான். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னுதான் குச்சியைப் பைக்குள்ள போட்டேன்.

— இன்னிக்குத்தான் அது வேணும்!

— ஆமா... இன்னிக்குத்தான் வேணும். ஆனா அண்ணே, முதல்ல மறைச்சது நான் இல்ல. அவன். காலையில பட்டையை எடுத்த சத்தம் கேட்டதும் ஓடி வந்து தலையை உள்ள நுழைப்பான். "எனக்கு ஒண்ணும் இல்ல, வா போலாம்"னு. எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நான் காட்டிக்கிட்டா அவன் மனசு என்னாகும்? அதனால பேச்சோட பேச்சா "படி"ம்பேன். அவன் தானே கண்டுபிடிச்ச மாதிரி கம்பீரமா நிப்பான். நான் "அடடா, என் ராசா, எப்படிக் கண்டுபிடிச்ச"ம்பேன். முன்னெல்லாம் அவன் சொல்வான், நான் கேப்பேன். இப்ப அவன் கேப்பான், நான் சொல்வேன். அதே பிடிதான், பேச்சுதான் திரும்பிடுச்சு.

— கடவுளே...

— நான்தான் இப்ப அவனைக் கூட்டிட்டுப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கொஞ்சம் கர்வம்கூட. இன்னிக்கு உக்காந்தான் பாருங்க... எப்படிண்ணே? சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்ல?

— ஈர மண் வாசனையா இருக்கலாம். பள்ளத்துக்குள்ளேர்ந்து குளிர்ந்த காத்து வருது, அது மூக்குல பட்டிருக்கலாம். நானும் சமாதானத்துக்கு ஏதேதோ சொல்லிக்கிறேன். ஆனா நீங்க மூணு தடவை "முன்னே"ன்னீங்க. பார்வை போன ஒரு ஜீவன், தான் உயிரா மதிக்கிற குரல் "போ"ங்குது, தனக்குள்ள ஏதோ ஒண்ணு "போகாதே"ங்குது... அது எதை நம்புச்சுன்னு பாத்தீங்களா? எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. இங்க பாருங்க, தொட்டுப் பாருங்க கையை.

— ஆமா... கோழித்தோல் மாதிரி.

— தங்கச்சி.

— சொல்லாதீங்க. தெரியும்.

— பட்டையைக் கழட்டணும்.

— இங்கேயேவா?

— பள்ளத்துக்கு இந்தப் பக்கமே. இதுக்கு மேல ஒரு அடிகூட அதை வேலை வாங்கக்கூடாது. அதை உங்ககிட்டேர்ந்து யாரும் பிரிக்கப் போறதில்ல. வீட்டுல மிஷினுக்குப் பக்கத்துல ராஜா மாதிரி படுத்துக் கிடக்கட்டும்.

— அதைப் பத்தி எனக்குப் பயம் இல்லண்ணே. நாளைக்குக் காலையில நான் கிளம்புவேன். அவன் வாசல்ல வந்து தலையை நீட்டுவான், பட்டை மாட்டணும்னு. அவன்கிட்ட எந்த வார்த்தையில சொல்றது? "உன்னை ஒதுக்கலடா, போதும்டா, நீ உக்காரு"ங்கிறதுக்கு என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கீங்க?

— அதுக்கு எங்ககிட்ட வார்த்தை இல்ல. நான் கழட்டட்டுமா?

— வேண்டாம். தினமும் மாட்டினது நான். மாப்ள... இங்க வா. நில்லுடா கண்ணு. இந்தக் கொக்கி... விட மாட்டேங்குது. ம்... வந்துடுச்சு. போதும்டா. நல்லா நடந்த. போதும்... அண்ணே, என்ன பண்றான்? என் கையில இப்ப பிடி இல்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்கதான் சொல்லணும்.

— உடம்பை ஒரு உதறு உதறுது. நிக்குது. பட்டையை மோந்து பாக்குது... உங்க கையை மோந்து பாக்குது.

— அழறானா?

— இல்ல. காதை நிமிர்த்தி வெச்சிருக்கு. உங்களைச் சுத்தி வருது... பின்னாடியா... மெதுவா... அட!

— என்ன? சொல்லுங்கண்ணே, என்ன?

— உங்க வலது பக்கம் வந்து நின்னுடுச்சு.

— இடது பக்கம்தானே அவன் இடம்?

— ஆமா! முதல் நாள்லேர்ந்து இடதுதான். தூக்கத்துலகூட மாறாது. ஒருத்தரும் சொல்லல, யாரும் கூப்பிடல. அவனே... அவனே வந்து, உங்க வலது காலோட ஒட்டி, உங்களை மாதிரியே முன்னாடி பார்த்துக்கிட்டு நிக்கிறான். வேலைக்காரன் மாதிரி இல்ல தங்கச்சி. கூட வர்றவன் மாதிரி.

— வார்த்தை இல்லாமலே அவனுக்குப் புரிஞ்சுடுச்சுங்கிறீங்களா...

— அவன் புரிஞ்சுக்கிட்டான். எனக்குத்தான் கண்ணுல தண்ணி. இத்தனை வருஷம் நாய்க்குச் சொல்லிக் கொடுத்தேன்னு சம்பளம் வாங்கியிருக்கேனே!

— சரிண்ணே, மூக்கைச் சிந்துங்க. இப்ப சொல்லுங்க... என் இடது பக்கத்தை யாருக்கு விட்டுக் கொடுத்திருக்கானாம்?

— தங்கச்சி... உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நான் இன்னிக்குத் தனியா வரல. சின்னவ ஒருத்தி, பயிற்சி முடிச்சவ, கேட்டுலேர்ந்து என்கூடவேதான் நடந்து வர்றா. நகச் சத்தம் உங்களுக்குக் கேட்டுடும்னு நாலு காலுக்கும் துணி உறைகூட மாட்டிக் கூட்டிட்டு வந்தேன்.

— காலுக்கு உறை மாட்டினீங்க, சரி. வாசனைக்கு எதை மாட்டினீங்க? கேட்டைத் தாண்டினதுமே மாப்ள நின்னு என் முழங்காலை முட்டிச் சொல்லிட்டாண்ணே, பின்னாடி நம்ம ஆளு ஒருத்தி வர்றான்னு. நான்தான் குனிஞ்சு அவன் காதுல சொன்னேன்: "கடைசித் தடவைடா ராசா, அவசரப்படாம நடந்து காட்டு, அவ கத்துக்கட்டும்"னு. கூப்பிடுங்க அவளை, வேலைக்கு நேரமாச்சு.